அவிஞ்ஞோனில் எடுத்த படம்

அவிஞ்ஞோன் பார்க்கப் போகிறவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு போகக் கூடாது, சச்சி. மெல்பேர்னில் நான் புதிதாக வாங்கிய தொப்பி, ரயில் நிலையத்து வாசலிலேயே பறந்து ஒரு பஸ்ஸுக்குக் கீழே போய்விட்டது. வடக்கேயிருந்து ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு காற்று இறங்குகிறது. நம்முடைய சோளகக் காற்று அதற்குப் பக்கத்தில் நிற்காது. உம்முடைய அக்கா சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஊருக்குள்ள வர முதலே தொப்பியைப் பறிச்சுப்போட்டாங்கள்" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கனகாலம் ஆகியிருந்தது.

அழகான ஊர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். பிரான்சின் தெற்குப் பக்கம். ஊரைச் சுற்றிக் கல் மதில்; மதிலுக்கு வெளியே ரோன் ஆறு. ஒரு காலத்தில் பாப்பரசர்கள் ரோமை விட்டுவிட்டு இங்கே வந்து குடியிருந்தார்களாம். அவர்கள் கட்டிய மாளிகை இன்னும் நிற்கிறது. உள்ளே போனால் இருக்க ஒரு கதிரை கிடையாது, அண்ணாந்து பார்க்கச் சுவர்தான். ஆற்றில் ஒரு பழைய பாலம் உண்டு. கரையிலிருந்து புறப்பட்டு நடு ஆற்றில் நின்றுவிடுகிறது. மீதியை என்றைக்கோ வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும். வேலைக்குப் போன நாள் முதல் பாலமும் குழாயும் போடுகிறவன் நான். அக்கரைக்குப் போகாத பாலத்துக்கு டிக்கெட் விற்பதை அங்கேதான் பார்த்தேன்.

நீர் பொறுமையில்லாமல் இருக்கிறீர், தெரிகிறது. லுசாக்காவிலிருந்து இரண்டு விமானம் மாறி வந்து இறங்கியவர், பெட்டியைக்கூடத் திறக்காமல் காலையிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர். மருமகன் எப்ப வாறான், அவன் வரும்வரைக்கும் அக்காவை வைத்திருக்க ஏலாதோ, தாய்க்குக் கொள்ளி வைக்கிறவன் அவனல்லோ என்று. நியாயமான கேள்வி. நாளைக்கு ஸ்பிரிங்வேல் சுடலையில் நேரம் குறித்தாகிவிட்டது. அதை நான் ஏன் தள்ளிப்போடவில்லை என்று உமக்குச் சொல்லத்தான் வேண்டும். அந்த ஊரைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. தேத்தண்ணியைக் குடியும், ஆறப்போகிறது.

சிறிதரனை நீர் கடைசியாகப் பார்த்தது நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட அன்று. அப்போது அரைக் காற்சட்டைப் பையன். இங்கே வந்து நெடுநெடு என்று வளர்ந்தான். கெட்டிக்காரன். என்ஜினியரிங் எடுத்துக் கொடுத்தேன். எடுத்துக் கொடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், அவன் எடுக்கவில்லை. மூன்றாம் வருடப் பரீட்சையில் மண்டபத்துக்குள் போய், தாளில் பெயரை எழுதி, கொடுத்துவிட்டு வெளியே வந்து புல்லில் படுத்திருந்தானாம். ஏனடா என்று கேட்டேன். விருப்பமில்லை அப்பா என்றான். வேறு ஒரு விளக்கமும் இல்லை. இந்த நாட்டுப் பிள்ளைகள் மாதிரி முதுகில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போகப்போவதாகச் சொன்னான்.

நான் கத்தவில்லை. கத்துவது என் பழக்கம் இல்லை என்று உமக்குத் தெரியும். ஒரே ஒரு வசனம் சொன்னேன். டிகிரியை முடிக்கிறேன் என்று சொல்ல மட்டும் எங்களுக்கு ரெலிபோனில் கோல் எடு, வேறு எதற்கும் எடுக்காதே என்றேன். தகப்பன் ஒரு வார்த்தை சொன்னால் அதில் நிற்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளை நம்மை என்னவென்று எடுத்துக்கொள்ளும்?

அவன் போன பிறகு உம்முடைய அக்கா, நடையில் இருக்கிற ரெலிபோனுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். அதோ, அந்தக் கதிரைதான். மரக்கறி வெட்டுவது, பொத்தான் தைப்பது எல்லாம் அதில்தான். பாத்திரம் கழுவும்போது குழாயை மெல்லத் திறப்பாள், மணி கேட்க வேண்டுமென்று. நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் கேட்பாள், "அவன் கோல் எடுத்தவனோ?" நாள் முழுக்க ரெலிபோனடியில் இருந்தவள் அவள். வெளியில் போய்விட்டு வருகிறவனிடம் அதைக் கேட்பாள். "ஓம், பாலத்துக்குக் கீழ நிண்ட என்னோட கதைச்சவன்" என்று பகிடி விடுவேன். அவளும் சிரிப்பாள். ஆனால் மறுநாளும் கேட்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், சச்சி. ஒரு தரம் அவனைப் பார்க்க வேண்டும். நகை கேட்டவளில்லை, வீடு கேட்டவளில்லை.

எழுபத்தேழாம் ஆண்டு செப்டெம்பரில் ஒரு நாள் என் அலுவலகத்துக்கு ஒரு பொலிஸ்காரர் வந்தார். நல்ல மனிதர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதைத்தார். அவர் சொன்ன விஷயத்தால் நான் உடனே அவிஞ்ஞோனுக்குப் போக வேண்டியதாயிற்று. சிறிதரன் அங்கே, ஆற்றின் நடுவே இருக்கிற தீவில் கூடாரம் அடித்துத் தங்கி, திராட்சைத் தோட்டங்களில் கூலிக்குக் குலை வெட்டிக்கொண்டிருந்தவன்.

வீட்டுக்கு வந்து, பிரான்சுக்குப் போக வேண்டியிருக்கிறது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "பிள்ளையிட்டையோ?" என்றாள். ஓம் என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லையே. அவள் சாமித் தட்டுக்கு முன்னால் போய் நின்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுப் பயறு வறுக்கத் தொடங்கினாள். அவனுக்குப் பயற்றம் பணியாரம் என்றால் உயிர். வீடு முழுக்க அந்த வாசம். நீங்கள் அவனை மன்னிச்சது எனக்குப் போதும், வேறொண்டும் வேண்டாம் என்று அடுப்படியில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த நேரத்தில் எந்த மனிதன் வாயைத் திறப்பான்? நீர் என்றால் திறந்திருப்பீரா?

வழியில் சொல்வதில்லை என்பது நம்முடைய வழக்கம். என் ஐயா செத்தபோது நான் கொழும்பில் வேலை. வருத்தம் கடுமை என்றுதான் தந்தி வந்தது. ரயிலில் எனக்கு முன்னால் இருந்த சொந்தக்காரருக்கு எல்லாம் தெரியும். அவர் விடியும்வரை என்னோடு அரசியல் கதைத்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற ஒழுங்கை வாசலில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்துத்தான் நான் அறிந்தேன். பிறகு அந்த மனிதரில் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. விழுந்தால் தாங்கிப்பிடிக்க ஆட்கள் இருக்கிற இடத்தில்தான் அப்படியான செய்தியைச் சொல்ல வேண்டும். ஆகாயத்தில் வைத்துச் சொல்வதா? பாரிஸ் ரயில் நிலையத்தில் சொல்வதா? பாஷை தெரியாத ஹோட்டல் அறையில் சொல்வதா? திரும்பி வந்து, உம்முடைய அக்காவின் சிநேகிதி வைதேகியையும் நாலு பெண்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல்வோம் என்று முடிவெடுத்தேன்.

இப்போது உமக்கு விளங்கியிருக்கும். நாங்கள் விமானம் ஏறும்போது சிறிதரன் செத்து ஒரு கிழமை. ரோன் ஆற்றில் குளிக்கப் போனவன். அந்த இடத்தில் இறங்கக் கூடாது என்று பலகை போட்டிருந்ததாம். நாமோ ஆறே இல்லாத ஊர்க்காரர். கீரிமலைக் கேணியில் நான்தான் அவனுக்கு நீந்தப் பழக்கினேன். கேணித் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். தண்ணீர் ஆளை இழுத்துக்கொண்டு போகும் என்பதை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அழாதேயும், சச்சி. இன்னும் இருக்கிறது. முழுக்கக் கேளும்.

போன முதல் நாள், அவன் தூரத்துத் தோட்டத்தில் வேலை, நாளைக்குத்தான் வருவான் என்றேன். அன்று முழுக்க ஊர் பார்த்தோம். மாளிகை, கோயில், சந்தை எல்லாம். அவள் எதைப் பார்த்தாலும் இதைச் சிறியும் பார்த்திருப்பான் என்றாள். தலைமயிர் நீளமாக வைத்திருக்கிற பெடியன் எவன் போனாலும் திரும்பிப் பார்த்தாள். மாலையில் கடையில் அவனுக்கென்று நீல நிறக் கம்பளிச் சட்டை ஒன்று எடுத்தாள். அளவு தெரியாமல் என்னைக் கேட்டாள். என் தோளில் வைத்துப் பாரும், என் அளவுதான் என்றேன். அவள் அதை என் முதுகில் விரித்துப் பிடித்துப் பார்த்தாள்.

மறுநாள் மாளிகைக்குப் பக்கத்தில், குன்றின் மேலே இருக்கிற பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு குளம் உண்டு, வாத்துகள் நீந்தும். எட்டிப் பார்த்தால் கீழே ஆறும் பாதிப் பாலமும் தீவும் தெரியும். அவள் அவனுக்குப் பிடித்த பச்சைச் சேலை உடுத்து, தலையைப் படிய வாரி, பொட்டைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வாத்துக்குப் போடப் பேக்கரியில் ஒரு பாண் வாங்கிக் கொடுத்தேன். இதிலே இரும், நான் போய் அவனைக் கூட்டிக்கொண்டு வாறன் என்றேன். பலகாரப் பெட்டியை என் கையில் தந்தாள். கம்பளிச் சட்டையை மட்டும் வைத்துக்கொண்டாள். அதைத் தானே போட்டுப் பார்க்க வேண்டுமாம்.

அவளை அங்கே இருத்திவிட்டு நான் சுடலைக்குப் போனேன்.

நகரசபை ஆட்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். அங்கே எரிக்கிற வசதி கிட்டத்தில் இல்லை, புதைக்கத்தான் வேண்டும் என்றார்கள். நம் ஆட்களில் குழந்தைகளைத்தானே புதைப்பது. பரவாயில்லை, அவனும் எனக்குக் குழந்தைதானே என்று நினைத்துக்கொண்டேன். முகத்தைப் பார்த்தேன். அதைப் பற்றிக் கேட்காதேயும். வாய்க்கரிசிக்கு அரிசி கொண்டுபோகாத மடையன் நான். அவள் தந்த பெட்டியைத் திறந்து ஒரு பணியாரத்தை உடைத்து வாயடியில் வைத்தேன். மிச்சப் பெட்டியை அப்படியே நெஞ்சில் வைத்து மூடச் சொன்னேன்.

என்னைத் தவிர அங்கே வந்தது ஒரே ஒரு பெண். தீவில் கூடாரம் போடுகிற இடத்தை நடத்துகிறவள், என் வயது இருக்கும். கொஞ்சம் இங்கிலீஸ் தெரியும். நல்ல பிள்ளை, என் நாய்க்குத் தமிழில் கதைப்பான் என்றாள். பிறகு, அந்தச் சனிக்கிழமை நீங்கள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டாள். அவளுடைய அலுவலகத்திலிருந்துதான் அவன் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தானாம். வீட்டுக்குப் போக வேண்டும், அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். எடுத்துவிட்டு வெளியே வந்து, வீட்டில் ஒருவரும் இல்லை என்று சொன்னானாம். ஒரு விழாவுக்குப் போயிருந்தோம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மறுநாள்தான் அவன் ஆற்றில் இறங்கியது.

சுடலை வாசலில் ஒரு குழாய் இருந்தது. பூவுக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாய். செத்த வீட்டுக்குப் போனவன் தலை தோயாமல் மற்ற ஆட்களைத் தொடக் கூடாது என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். நான் யோசிக்கவே இல்லை, சச்சி. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து தலைக்குத் தண்ணீர் வார்த்தேன். பிறகு கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு மலைப் பூங்காவுக்கு ஏறினேன்.

தூரத்தில் என்னைக் கண்டதும் அவள் எழுந்து நின்றாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். ஒருவரும் இல்லை. ஏறும்போது என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். அவனுக்கு இப்போது எங்களைப் பார்க்க விருப்பமில்லையாம், கொஞ்சக் காலம் விடச் சொல்கிறான் என்றேன். நீர் அதைப் பெரிய கொடுமை என்று நினைப்பீர். நான் அப்படி நினைக்கவில்லை. செத்தவன் வர மாட்டான். கோபித்துக்கொண்டவன் என்றைக்காவது வருவான். நான் அவளுக்கு ஒரு எதிர்பார்ப்பைக் கொடுத்தேன். வெறுங்கையோடு திரும்பியவன் வேறு எதைக் கொடுப்பது?

அவள் என் தலையைப் பார்த்தாள். "தோய்ஞ்சனீங்களோ?" என்றாள். வெயில், ஒரு குழாய் கண்டேன் என்றேன். அந்தக் காற்றில் வெயில் எங்கே இருந்தது? பிறகு, "பலகாரத்தை வாங்கினவனோ?" என்று கேட்டாள். வாங்கினவன் என்றேன். அது பொய் இல்லை.

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. கம்பளிச் சட்டையைக் கவனமாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டாள். பாலம் இருக்கிறது என்றேன். போவோம் என்றாள். ஆகவே போய் டிக்கெட் எடுத்தோம்.

அவள் எனக்கு முன்னால் நடந்து, பாலம் முடிகிற இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே தண்ணீர் வெகு வேகம். "அவன் இருந்தது எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். தீவைக் காட்டினேன். அவன் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. இருந்தது என்று கேட்டாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வாத்துக்குப் போட்டு மிஞ்சிய பாண் அவள் கையில் இருந்தது. அதை மூன்று துண்டாகப் பிய்த்து, ஒவ்வொன்றாக ஆற்றில் போட்டாள். காற்று சேலைத் தலைப்பைத் தூக்கி அடித்தது. மீனுக்குப் போடுகிறாள் என்று நினைத்தேன். அழகாக இருந்ததால் ஒரு படம் எடுத்தேன்.

இங்கே வந்த பிறகு நான் சொல்லத்தான் இருந்தேன். முதலில் அவள் பயணக் களைப்பில் படுத்தாள். பிறகு எனக்கு அலுவலகத்தில் வேலை கூடியது. அதற்குள் பாலகிருஷ்ணன், படம் காட்டவில்லையோ என்று நச்சரிக்கத் தொடங்கிவிட்டான். அவன்தான் வைதேகியின் புருஷன், நேற்று இரவு உம்மைக் கூட்டிவர விமான நிலையத்துக்கு வந்தவன். இந்த ஊரில் ஐரோப்பா போய் வந்தவர்கள் வெள்ளைத் திரையைக் கட்டி, ஸ்லைட் போட்டுக் காட்டி, வந்தவர்களுக்குச் சாப்பாடும் போட வேண்டும். அது வெள்ளைக்காரரிடம் பழகிய பழக்கம். நோபல் பார்க்கில் அவன் வீட்டில்தான் காட்டினோம். நான் மெஷினை இயக்கினேன், உம்முடைய அக்கா ஒவ்வொன்றாக விளக்கம் சொன்னாள். இது மாளிகை, இது சந்தை, இது தொப்பியைப் பறிகொடுத்த இடம் என்று. எல்லாரும் சிரித்தார்கள். சிறியைக் கண்டீர்களோ என்று வைதேகி கேட்டாள். "கண்டு வந்தம்" என்று அவள்தான் சொன்னாள், நான் இல்லை. பாலத்துப் படம் வந்தது. "இது ஆறு" என்றாள். அடுத்ததைப் போடுங்கோ என்றாள்.

அவள் தேறிவிட்டாள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் தெரிந்தது. வந்த முதல் மாதம் சாமித் தட்டில் விளக்கு வைக்கவில்லை, மீன் சமைக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன். சாவுத் துடக்கோடு நானும் விளக்கை ஏற்ற முடியாமல் தவித்தவன், ஆகவே அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. ஒரு மாதம் கழிந்து ஒரு காலை, அவள் தலை தோய்ந்து விளக்கு வைத்தாள். நடையிலிருந்த கதிரையைக் குசினிக்கு எடுத்துவிட்டாள். அவன் கோல் எடுத்தவனோ என்று அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. பாரும், காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடுகிறது, இப்போது போய் ஏன் கிளற வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு வருடம் அப்படிப் போனது. அவள் மெலிந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றில் கட்டி என்று டொக்டர் சொன்னபோது, பிந்திவிட்டது.

போன கிழமை ஆஸ்பத்திரியில், பின்னேரம், என்னைக் கிட்ட வரச் சொன்னாள். குரல் மெலிந்திருந்தாலும் தெளிவாகக் கதைத்தாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் தோய்ஞ்சுபோட்டு வந்து நிண்ட உடனேயே எனக்கு விளங்கினது" என்றாள். "நீங்களாச் சொல்லுவியள் எண்டு இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான். என்னை ஒருக்கா வாய்விட்டு அழ விட்டிருக்கலாம்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன கதைக்கிறீர், கண்டதையும் யோசிக்காதேயும், சிறி கிறிஸ்மஸுக்கு வாறானாம் என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை மெல்ல இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. தாதிமாரோடு கதைத்தாள், வைதேகியோடு கதைத்தாள், என்னோடு கதைக்கவில்லை. மருந்தின் மயக்கமாக இருக்கலாம்.

ஆகவே நாளைக்கு மகனுக்காகக் காத்திருக்க வேண்டாம். கொள்ளியை நீர் வையும். அந்த நீலச் சட்டை அலுமாரியில் அவளுடைய சேலைகளுக்கு நடுவில் இருக்கிறது. அதையும் அவளோடு வைத்து விடுவோம்.

நீர் கேட்க நினைப்பது எனக்குத் தெரிகிறது. அவளே எல்லாம் தெரியும் என்று சொன்ன பிறகும் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதானே? ஒப்புக்கொண்டால் அவள் அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அவன் கோல் எடுத்தவனோ என்று கேட்பாள். மற்ற எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை வைதேகியின் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். உம்முடைய அக்கா ரெலிபோனை விட்டுப் போக மனமில்லாமல் நின்றாள். நான் இருக்கிறேன்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன், நீர் போய்விட்டு வாரும் என்று நான்தான் அனுப்பினேன். அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. ஒப்பரேட்டர் பெண். பிரான்சிலிருந்து சிறி என்பவர் அழைக்கிறார், கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டும், ஏற்றுக்கொள்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டாள். காசு ஒரு பொருட்டே இல்லை. நான் சொன்ன வார்த்தை ஒன்று இருந்தது. முதல் தரம் மறுத்தால் இரண்டாம் தரம் பணிந்து எடுப்பான், படிக்கிறேன் என்று சொல்வான் என்று கணக்குப் போட்டேன். அவளுடைய குரலுக்குப் பின்னால், எங்கேயோ தூரத்தில், "அப்பா, நான்தான்" என்று கேட்டது. ஏற்றுக்கொள்ளவில்லை, நன்றி என்று நான் சொன்னேன்.

ஆனால் நான் ரெலிபோனை வைக்கவில்லை, சச்சி. அதை நீர் விளங்கிக்கொள்ள வேண்டும். நான் காதில் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். லைனை வெட்டியது அந்தப் பெண்.